போகோத்தால ரெண்டு வருஷம் கொலம்பிய இலக்கியமும் சினிமாவும் படிச்சேன்: மூணு வருஷம் கழிச்சு என் அனுபவம்

இந்தப் படிப்ப பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா நெனச்சிட்டிருந்தேன். முடிச்ச கையோட எழுதியிருந்தா வெறும் பாராட்டாவோ வெறும் புலம்பலாவோ போயிருக்கும். இப்ப மூணு வருஷம் ஆச்சு, எது மனசுல நின்னுச்சு எது உதிர்ந்துபோச்சுன்னு நல்லாவே தெரியுது, அதான் இப்ப எழுதுறேன்.

நான் கொலம்பிய நாவலாசிரியர் காப்ரியேல் கார்சியா மார்க்கேஸ் வழியா கொலம்பியாவுக்குள்ள வந்த ஆளு. அவரோட 'தனிமையின் நூறு ஆண்டுகள்' நாவலத் தமிழ்ல படிச்சிட்டு கிறுக்கு புடிச்ச மாதிரி ஸ்பானிஷ் கத்துக்க ஆரம்பிச்சு, நாலு வருஷம் கழிச்சு அந்த நாட்டுத் தலைநகரமான போகோத்தால ஒரு யுனிவர்சிட்டில இலக்கியத்துல மாஸ்டர்ஸ் சேர்ந்தேன், சினிமா பேப்பர்களும் சேர்த்து எடுத்துக்கலாம்னு இருந்ததால அங்க. ஊரு கடல் மட்டத்துலேர்ந்து 2600 மீட்டர் உயரம், மொத ரெண்டு வாரம் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும், சாயங்காலமானா மழையும் குளிரும். அங்க மார்க்கு அஞ்சுக்குத்தான் போடுவாங்க, மூணு வாங்கினா பாஸ். நான் எழுதின மொத கட்டுரைக்கு 3.1. முழுக்க மாய யதார்த்தம்னு, அதாவது நடக்க முடியாதத சாதாரணமா நடந்த மாதிரி சொல்ற பாணின்னு, எழுதித் தள்ளியிருந்தேன். புரொஃபசர் ஓரத்துல ஒரே வரி எழுதியிருந்தாங்க, இந்த வார்த்தைய எடுத்துட்டு மறுபடி எழுதுங்கன்னு.

அது வலிச்சுது. ஆனா ரெண்டு வருஷத்துலயும் எனக்குக் கிடைச்ச நல்ல அறிவுரை அதுதான்னு இப்ப சொல்லுவேன். ஏன்னா அந்த வார்த்தைய எடுத்துட்டுப் பாத்தா அதுக்குக் கீழ வரலாறு இருக்கு. நாவல்ல வர்ற வாழைத்தோட்டப் படுகொலை கற்பனை கெடையாது, 1928 டிசம்பர்ல சியேனகா ஊர்ல யுனைடெட் ஃப்ரூட் கம்பெனி தொழிலாளிங்க வேலைநிறுத்தம் பண்ணப்போ ராணுவம் சுட்டது. சுடச்சொன்ன ஜெனரல் ஒத்துக்கிட்ட கணக்கு 47 பேர். மார்க்கேஸ் நாவல்ல மூவாயிரம் பேர். நெசமா எத்தனைன்னு இன்னைக்கு வரைக்கும் யாராலயும் சொல்ல முடியல. இதே சம்பவத்த ஆல்வாரோ செபேதா சமுதியோ 1962லயே 'லா காசா கிராந்தே'ல எழுதிட்டார், அதுல சுடப்போற சிப்பாய்ங்க ரெண்டு பேரு ராத்திரி பூரா பேசிக்கிட்டே போற பேச்சுதான் மொத அத்தியாயம். இத ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு எங்களுக்கு நாலு வாரம் நடத்துனாங்க. லீவுல நான் சியேனகாவும், மார்க்கேஸ் பொறந்த ஊரான அரக்கதாகாவும் போயிட்டு வந்தேன். அரக்கதாகாவுல ரயில் பாதை இன்னும் இருக்கு, ஆனா வர்றது முழுக்க நெலக்கரி வண்டி, பெட்டி பெட்டியா போயிக்கிட்டே இருக்கு, ஒரு தடவ நின்னு எண்ண ஆரம்பிச்சு நூறு தாண்டினதும் விட்டுட்டேன்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். இந்தப் படிப்போட பலம் என்னன்னு யாராவது கேட்டா, புத்தகத்தையும் படத்தையும் தனித்தனி டப்பாவுல போடாம ஒண்ணா நடத்துனதுதான்னு சொல்லுவேன். அதுல ஒரு கேள்வி ரெண்டு வருஷமும் எங்கள விடாம துரத்துச்சு: கஷ்டப்படுறவன் ஒடம்ப யாரு காட்டுறாங்க, யாருக்குக் காட்டுறாங்க, காட்டிட்டு அவனுக்கு என்ன குடுத்தாங்க?

அந்தக் கேள்வி எனக்கு ஆரம்பிச்சது ஹோசே எவுஸ்தாசியோ ரிவேராவோட 'லா வோராகினே'லதான். 1924ல வந்த நாவல், ரப்பர் காட்டுக்குள்ள கடனுக்கு அடிமையா மாட்டிக்கிட்ட தொழிலாளிங்களோட கதை. புத்துமாயோ ஆத்துப் பக்கம் அரானாங்கிற ரப்பர் மொதலாளியோட கம்பெனி பண்ணின கொடுமை எல்லாம் உண்மையிலயே நடந்தது, அந்தக் கம்பெனி லண்டன்ல பதிவானதால பிரிட்டிஷ் அரசாங்கமே ரோஜர் கேஸ்மென்ட்டுங்கிற தூதரக அதிகாரிய அனுப்பி விசாரிக்க வேண்டி வந்துச்சு. நாவல்ல கிளெமெந்தே சில்வான்னு ஒரு வயசான ஆளு வருவாரு, தொலைஞ்சுபோன மகனத் தேடிக் காட்டுக்குள்ள வந்தவரு. ஒரு ஃபிரெஞ்சுக்காரர் கேமராவோட வந்து, வெட்டு வெட்டா வடு விழுந்து கெடக்குற ரப்பர் மரத்தப் போட்டோ எடுத்துக்கிட்டிருப்பாரு. அந்த மரத்தவிட என் முதுகு கொறைவாவா பட்டிருக்குன்னு கேட்டுட்டு சில்வா சட்டையத் தூக்கி தன் முதுகக் காட்டுவாரு. அதுலயும் அதே மாதிரி வடு, சாட்டையடி. மரமும் மனுசனும் ரெண்டுமே படத்துல பதிவாகும், ஒரே மொதலாளிக்காக ரெண்டு ஒடம்புலேர்ந்தும் வேற வேற சாறு வடிஞ்சுதுன்னு அவரே சொல்லுவாரு.

இந்தப் பக்கத்த நான் லூயிஸ் ஆங்கெல் அராங்கோ லைப்ரரில உக்காந்து படிச்சேன். படிச்சிட்டு அப்புறம் அன்னிக்கு வேற எதுவும் படிக்க முடியல. எங்க பாட்டி மலாயாவுல பால் மரம் வெட்டினவங்க, அதாவது ரப்பர் மரத்தக் கீறிப் பால் எடுக்குற வேல, அவங்களோட அப்பா அம்மாவும் அதே தோட்டம்தான், 1970 வாக்குலதான் ஊர் திரும்புனாங்க. அமேசான் ரப்பர் கம்பெனிங்க விழுந்ததுக்குக் காரணமே ஆசியத் தோட்டங்கள்தான்: 1876ல விக்கம்னு ஒரு ஆங்கிலேயர் பிரேசில்லேர்ந்து கிட்டத்தட்ட எழுவதாயிரம் ரப்பர் விதைய லண்டனுக்குக் கொண்டுபோனாரு, அங்கேர்ந்து சிலோன், சிங்கப்பூர், மலாயா, அந்தத் தோட்டத்துலெல்லாம் வெட்டுனது பெரும்பாலும் நம்ம ஆளுங்க. கொலம்பியக் காட்டுல ஒருத்தன் முதுகும் என் பாட்டி கையும் ஒரே சரக்குக்காக ஒழைச்சிருக்குன்னு எனக்கு அன்னிக்குத்தான் ஒறைச்சுது.

அப்புறம் சினிமா வகுப்புல 'சிர்காலெஸ்' போட்டாங்க. மார்த்தா ரோட்ரிகேசும் ஹோர்ஹே சில்வாவும் 1966லேர்ந்து 1972 வரைக்கும் எடுத்த டாக்குமென்டரி, போகோத்தா தெக்குப் பக்கம் செங்கச் சூளையில வேல பாக்குற ஒரு குடும்பம். அஞ்சாறு வயசுப் புள்ளைங்க முதுகுல பச்சக் கல்ல அடுக்கிக்கிட்டுக் குனிஞ்சு நடக்குறத அப்படியே பாக்கணும், பின்னணி இசை வச்சு அழவைக்குற வேலையெல்லாம் இல்ல. நடுவுல அந்த வீட்டுப் பொண்ணு மொத நன்மை, அதாவது சர்ச்சுல மொத தடவ நற்கருணை, வாங்குறதுக்கு வெள்ளை கவுன் போட்டுக்கிட்டு அந்தச் செம்மண்ணுல நடந்து போவா. அவ்வளவுதான் அந்தக் காட்சி. வகுப்புல யாரும் அசையல. எடுத்தவங்க அஞ்சு வருஷத்துக்கு மேல அந்தக் குடும்பத்தோடயே பழகி எடுத்தது அது, அந்தப் பழக்கம் ஒவ்வொரு ஃபிரேம்லயும் தெரியும்.

அதுக்கு அடுத்த வாரமே கொலம்பியாவுல இருக்குற காலிங்கிற நகரத்து லூயிஸ் ஒஸ்பினாவும் கார்லோஸ் மயோலோவும் எடுத்த 'அகர்ராந்தோ புவெப்லோ'. முப்பது நிமிஷம்கூட இருக்காது. ஐரோப்பிய டிவிக்கு வித்துக் காசு பாக்கலாம்னு ஒரு குரூப் கேமராவத் தூக்கிக்கிட்டுப் பிச்சைக்காரங்களையும் தெருப் புள்ளைங்களையும் துரத்தும், ஃபவுண்டன்ல காசப் போட்டுப் புள்ளைங்கள குதிக்கச் சொல்லிப் படம் எடுக்கும். அவங்க எடுக்குற படம் கலர்ல வரும், அவங்கள எடுக்குற படம் கறுப்பு வெள்ளையில வரும். கடைசில அவங்க படம் புடிக்குற வீட்டுக்காரர் ஒருத்தர் உள்ள வந்து குடுத்த காசாலயே பின்பக்கத்தத் தொடச்சிட்டு ஃபிலிமையும் உருவி எறிஞ்சிடுவாரு. பஞ்சத்தக் காட்டிப் பொழைக்குற இந்தப் பொழப்புக்கு அவங்க வச்ச பேரு போர்னோமிசேரியா. இந்த ஒரு சொல்லத் தெரிஞ்சுக்கிட்ட அப்புறம் நான் பாக்குற எந்த டாக்குமென்டரியையும், எந்த நியூஸ் சேனலையும் பழையபடி பாக்க முடியல. மூணு வருஷம் கழிச்சும் தெனமும் பயன்படுற பாடம்னா இதான்.

விக்டர் கவிரியா படங்களுக்கு வந்தப்போ இந்தக் கேள்வி இன்னும் சிக்கலாச்சு. மெதயீன் நகரத்து மலைச்சரிவுக் குடிசைப் பசங்களையே நடிக்க வச்சு 'ரோட்ரிகோ தி', அப்புறம் 'லா வெண்டெதோரா தே ரோசாஸ்'னு எடுத்தாரு, 1990லயும் 1998லயும் ரெண்டும் கான் போட்டிக்குப் போச்சு. மெதயீன் தெருப் பாஷை அப்படியே இருக்கும், வகுப்புல இருந்த போகோத்தாக்காரங்களுக்கே பாதி புரியல. நடிச்ச பசங்கள்ல பல பேர் சின்ன வயசுலயே செத்துப்போயிட்டாங்க. அவர் பண்ணது சரியான்னு மூணு மணி நேரம் சண்டை போட்டோம். நான் அவர் பக்கம்தான், இப்பவும். அந்தப் பசங்க பேச்ச அவரு திருத்தல, காது குடுத்துக் கேட்டாரு, அது தெரியுது.

சீரோ கெர்ராவோட 'எல் அப்ராசோ தே லா செர்பியெந்தே' 2015ல வந்தது, வெளிநாட்டு மொழிப் படப் பிரிவுல ஆஸ்கர் நாமினேஷன் வரைக்கும் போன மொத கொலம்பியப் படம். அதுல கரமகாத்தேங்கிற பழங்குடி வைத்தியர், வெள்ளைக்காரர் எடுத்த தன்னோட போட்டோவப் பாத்து, இது நான்தானா இல்ல உள்ள ஒண்ணுமே இல்லாம என்ன மாதிரியே திரியுற உருவமான்னு யோசிப்பாரு. வயசான கரமகாத்தேவா நடிச்ச அந்தோனியோ பொலிவார் 2020ல கொரோனால போயிட்டாரு, அந்தச் சேதி கேட்டப்போ சொந்தக்காரர் போன மாதிரி இருந்துச்சு. கிளெமெந்தே சில்வாவோட முதுகுல ஆரம்பிச்சு இந்தப் போட்டோ வரைக்கும் கோடு போட்டா அதான் என் தீசிஸ்.

கொறைங்களையும் சொல்லணும். தீசிஸ் கைடு ஒரு முழு செமஸ்டர் மெயிலுக்கே பதில் போடல, யாருகிட்ட போய்ச் சொல்றதுன்னும் தெரியல, கடைசில கூடப் படிச்ச பொண்ணு ஒருத்திதான் உக்காந்து என் டிராஃப்ட்ட வரிவரியா படிச்சுக் குடுத்தா. ரெண்டாவது, கட்டாயப் பாடத்துல ஆம்பள எழுத்தாளர்கள்தான் வரிசையா. 1948 ஏப்ரல் 9ல லிபரல் கட்சித் தலைவர் கைத்தான் சுட்டுக் கொல்லப்பட்டதும் வெடிச்ச வன்முறைய ஒரு சின்னப் பொண்ணு கண்ணு வழியா எழுதின அல்பலூசியா ஆங்கெலோட நாவல், 1975ல வந்தது, அத நான் விருப்பப் பாடத்துலதான் படிச்சேன். மானுவேல் சபாத்தா ஒலிவேயாவும் அப்படித்தான், கறுப்பின மக்களோட ஐந்நூறு வருஷத்த ஒரே நாவல்ல கொண்டுவந்த மனுசன், விருப்பம் இருந்தா படின்னு விட்டுட்டாங்க. இது எனக்கு இன்னும் ஆறல. பழைய படங்களோட பிரின்ட் பல நேரம் மோசம், சப்டைட்டில் இருக்காது. 1922ல எடுத்த மொத முழுநீளக் கதைப்படம் 'மரியா'வுல இன்னைக்கு மிஞ்சினது அரை நிமிஷம்கூட இல்ல, அதுக்கு யாரக் குத்தம் சொல்ல.

போகலாமான்னு கேக்குறவங்களுக்கு: ஸ்பானிஷ் நல்லா வந்த அப்புறம் போங்க, நாவல் படிக்குற அளவு பத்தாது, வகுப்புல சண்டை போடுற அளவு வேணும். போகோத்தால ஃபிரெண்டுகிட்டகூட நீங்கன்னுதான் பேசுவாங்க, அது தள்ளி வைக்குறதுன்னு நெனச்சுக்காதீங்க. சினமாதேக்காவுக்கு, அதாவது பழைய படம், நல்ல படம் போடுற அரங்குக்கு, வாராவாரம் போங்க. ஃபோட்டோகாப்பி கடைக்காரர்கிட்ட நல்லாப் பழகிக்கோங்க, பாதி சிலபஸ் அவர்கிட்டதான் இருக்கும். ஒரு தின்தோ குடிச்சிட்டு, அதாவது கடுங்காப்பி, அவர்கிட்ட நின்னு பேசினீங்கன்னா முன்னாடி வருஷத்துப் பசங்க என்ன படிச்சாங்கன்னுகூடச் சொல்லுவாரு. வேலை வாய்ப்புக்குன்னு மட்டும் போறவங்களுக்கு இந்தப் படிப்பு சரிப்படாது, நான் இப்ப ஸ்பானிஷ் சொல்லிக்குடுத்தும் மொழிபெயர்த்தும்தான் பொழைக்குறேன், அதுல எனக்கு மனக்குறை இல்ல.

இப்ப அந்த கிளெமெந்தே சில்வா பக்கத்தத் தமிழ்ல கொண்டுவர முயற்சி பண்ணிக்கிட்டிருக்கேன். சிரிங்காங்கிற சொல்லுக்கு ரப்பர்னு போட்டிருந்தேன், செத்த சொல்லாட்டம் கெடந்துச்சு. போன மாசம் ஊருக்குப் போனப்போ பாட்டிக்கு வாசிச்சுக் காட்டினேன். கண்ண மூடிக்கிட்டுக் கேட்டுட்டு, "அந்தாளுக்கு எத்தன நெறை குடுத்திருந்தானுங்க?"ன்னாங்க, வெட்டுறதுக்குப் பிரிச்சுக் குடுக்குற மர வரிசையத்தான் நெறைம்பாங்க. அது புத்தகத்துல இல்ல பாட்டின்னேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு, "ரப்பர்னு எவன் சொன்னான், நாங்க கித்தான்னுதான் சொல்லுவோம், கித்தான்னு எழுது"ன்னாங்க. மாத்திட்டேன்.