நீதிக்குக் குறுக்கே நிற்பவர்: அகலமான சட்டமா, குறிப்பான சட்டமா?

அம்பாறை மாவட்டத்துப் பொலிஸ் நிலையம் ஒன்றின் வாங்கில் மாமியோடு இரண்டரை மணித்தியாலம் காத்திருந்திருக்கிறேன். வேலிச் சண்டையில் பக்கத்து வளவுக்காரர் அலவாங்கால் அடித்து மாமியின் மணிக்கட்டு உடைந்திருந்தது. மாமி தமிழில் சொன்னா. எழுதியவர் சிங்களத்தில் எழுதினார். வாசித்துக் காட்டவில்லை. "இதில ஒப்பம் வைங்க அம்மா" என்றார், வைத்தா. எட்டு மாதம் கழித்து, வழக்குத் தவணையன்று சட்டத்தரணி அதை மொழிபெயர்த்துச் சொன்னபோதுதான் தெரிந்தது: முறைப்பாட்டில் அலவாங்கே இல்லை. வாய்த்தர்க்கத்தில் தவறி விழுந்ததாக இருந்தது.

நீதிக்கு இடையூறு செய்தல் என்ற குற்றத்தின் வரைவிலக்கணத்தை விரிக்க வேண்டும் என்று யாராவது பேசினால் எனக்கு நினைவு வருவது அந்த ஒப்பம்தான். விரிக்கத்தான் வேண்டும். எப்படி விரிப்பது என்பதில்தான் இரண்டு வழிகள் மோதுகின்றன.

முதல் வழி, வாசலை அகலத் திறந்துவிடுவது. கனடாவின் குற்றவியல் சட்டம் 139ஆம் பிரிவில், எந்த விதத்திலேனும் நீதியின் போக்கைத் தடுக்க முயல்வதைக் குற்றமாக்குகிறது. 10 ஆண்டு வரை சிறை. இங்கிலாந்தின் பொதுச் சட்டத்தில் இதற்கு ஆயுள் தண்டனை வரை உண்டு. அங்கே 1891இல் ஒரு வழக்கு: கப்பலில் வந்த கோதுமையின் முத்திரையிட்ட மாதிரிப் பைகளில் ஒருவர் தானியத்தை மாற்றிவிட்டார். அந்தப் பைகள் மத்தியஸ்தர் முன் போகவே இல்லை. ஆனாலும் குற்றவாளி என்றது நீதிமன்றம். வழக்கு தொடங்குவதற்கு முன்பே கைவைத்தாலும் குற்றம் என்ற அந்த நினைப்பு எனக்குப் பிடிக்கும்.

இரண்டாவது வழி, செயல்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எழுதுவது. நம்முடையது அதுதான். 1883இன் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையில் பொய்ச்சாட்சி, பொய்யாகச் சான்று உருவாக்குதல் எல்லாம் தனித்தனியே இருக்கின்றன. 198ஆம் பிரிவு, குற்றவாளியைக் காப்பாற்றச் சான்றை மறைப்பதைப் பிடிக்கிறது. சாட்சியை மிரட்டுவதற்கு 2015இன் 4ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அதன் இடத்துக்கு 2023இன் 10ஆம் இலக்கச் சட்டம். பட்டியலில் உள்ளதை மறுத்துப் பேச முடியாது. பட்டியலில் இல்லாதது தப்பிவிடும்.

அமெரிக்கா நடுவில் நின்று தடுமாறுகிறது. சான்றை அழிப்பதற்கு எதிராக 2002இல் கொண்டுவந்த அகலமான பிரிவொன்றில், அளவு குறைந்த மீன்களைக் கடலில் வீசச் சொன்ன மீன்பிடிப் படகுத் தலைவர் மாட்டினார். மீன் அந்தப் பிரிவு சொல்லும் 'பொருள்' ஆகாது என்று 2015இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு எனத் தீர்த்தது. 2021 ஜனவரியில் நடந்த நாடாளுமன்ற முற்றுகை பற்றிய வழக்கிலும் 2024இல் அகலமான வாசகத்தைச் சுருக்கியது. சட்டம் எழுதியவர்கள் அகலமாக எழுத, நீதிமன்றம் ஒடுக்கிக்கொண்டே வருகிறது.

இவற்றை நம் மண்ணில் வைத்துப் பார்ப்போம். 2018 நவம்பர் 30இல் மட்டக்களப்பு வவுணதீவில் இரண்டு பொலிசார் கொல்லப்பட்டார்கள். சந்தேகத்தில் கைதான முன்னாள் போராளி ஒருவர் மாதக்கணக்கில் உள்ளே இருந்தார். 2019 ஏப்ரல் குண்டுகளுக்குப் பிறகுதான் கொலையாளிகள் வேறு ஆட்கள் என்று வெளிச்சத்துக்கு வந்தது. இப்படி ஒரு விசாரணையை யாராவது வேண்டுமென்றே திருப்பிவிட்டால், வழக்கு வருமுன்பே அவரைப் பிடிக்கும் சட்டம் வேண்டும். இதில் அகலமான வழிக்கே என் வாக்கு.

மயிலந்தனைப் படுகொலை வழக்கு வேறு. 1992இல் 35 பேர் கொல்லப்பட்ட அந்த வழக்கு மட்டக்களப்பிலிருந்து பொலன்னறுவைக்கும், பிறகு கொழும்புக்கும் போனது. 2002இல் யூரிகள் எதிரிகளான படையினரை விடுவித்தார்கள். சாட்சிகள் எத்தனை பஸ் ஏறியிருப்பார்கள்! ஆனால் வழக்கை மாற்றுவது சட்டப்படியான செயல். எந்த வரைவிலக்கணமும் அதைத் தொடாது.

அகலத்தின் பயங்கரத்தை நாம் வேறெவரையும் விட நன்றாக அறிவோம். 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டம் தற்காலிகம் என்றுதான் வந்தது. 2021 மே மாதம் கிரான் பக்கக் கடற்கரையில் போரில் இறந்தவர்களை விளக்கேற்றி நினைவுகூர்ந்த பத்துப் பேரை அதே சட்டத்தில் பிடித்தார்கள். பிணை கிடைக்க டிசம்பர் ஆனது. 'எந்த விதத்திலேனும்' என்ற சொல்லை அதே கைகளில் கொடுத்தால், நீதிமன்ற வாசலில் காணாமல்போன பிள்ளையின் படத்தோடு நிற்கும் தாயும் இடையூறுதான். எழுதிய சட்டத்தைப் பார்த்து மட்டும் தீர்ப்புச் சொல்ல என்னால் முடியாது. அதைப் பிடித்திருக்கும் கையையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஆகவே காலத்தை விரிப்போம், சொல்லை விரிக்க வேண்டாம். முறைப்பாடு கொடுக்கப் புறப்பட்ட நிமிடத்திலிருந்து குற்றம் தொடங்கட்டும். செயல்களைப் பெயர் சொல்லி எழுதுவோம்: முறைப்பாட்டை ஏற்க மறுத்து "நாளைக்கு வாங்க" என்று அலையவிடுதல், சொன்னதை மாற்றி எழுதுதல், ஊர்ப் பெரியவர்களைக் கூட்டி வந்து இணங்கிப் போகும்படி நெருக்குதல். இதில் ஒரு விசயம் கவனிக்க வேண்டும்: இங்கிலாந்தின் அகலமான குற்றத்துக்கே செயல் ஒன்று வேண்டும், சும்மா இருந்துவிடுவது போதாது. ஆக நம் ஊரில் ஆகப் பெரிய நோயான 'எழுதாமல் விடுதல்' அந்த அகலத்திலும் அகப்படாது. அதை வெளிப்படையாக எழுதினால்தான் உண்டு.

வேண்டுமென்றே செய்தார் என்று நிரூபிப்பது எந்த வழியிலும் கடினம்தான். மாமியின் பதிவை எழுதியவர் மொழி விளங்காமல் எழுதினேன் என்று சொல்லித் தப்பலாம். அதனால் முறைப்பாடு சொன்னவரின் மொழியிலேயே எழுதி, வாசித்துக் காட்டி, பிரதியைக் கையில் கொடுப்பதைக் கட்டாயமாக்கி, மீறினால் அந்த மீறலே தண்டனைக்குரியதாக வேண்டும். மாமியிடம் அன்று இருந்தது இலக்கம் எழுதிய ஒரு துண்டுக் கடதாசி. உடைந்த கையால் அதை மடிக்க முடியாமல் என்னிடம் தந்தா.