கல்யாணப் படத் தொழிலில் எட்டு வருடம்: என்னிடம் தங்கிய இணையக் கருவிகள்

காரைக்குடியில் 2017 முதல் ஸ்டூடியோ நடத்துகிறேன். வருடத்துக்கு முப்பத்தைந்து, நாற்பது கல்யாணம். நானும் இன்னொரு கேமராமேனும் படம் எடுக்கிறோம், கணக்கு வழக்கெல்லாம் என் மனைவி. தொழிலுக்குப் புதிதாக வரும் தம்பிகள் எந்த சாஃப்ட்வேர் வாங்கலாம், எந்த ஆப்புக்குப் பணம் கட்டலாம் என்று கேட்பார்கள். நான் முதலில் பேச ஆரம்பிப்பது செலக்‌ஷனைப் பற்றித்தான்.

எங்கள் தொழிலில் பணம் முடங்குவது அங்கேதான். கல்யாணம் இரண்டு நாளில் முடிந்துவிடும். ஆல்பத்துக்கு வேண்டிய நூற்றைம்பது படங்களை வீட்டுக்காரர்கள் எடுத்துக் கொடுக்க ஆறு மாதம் ஆகும், சில வீடுகளில் வளைகாப்பே வந்துவிடும். மீதிப் பணம் ஆல்பத்தோடுதான் வரும். அதனால் செலக்‌ஷனைச் சுருக்குகிற எதுவும் எனக்குப் பெரிய கருவி.

2018-ல் தேவகோட்டையில் ஒரு கல்யாணம். அப்போது பென்டிரைவில் எல்லாப் படத்தையும் கொடுத்துவிடுவோம். பெண்ணின் அப்பா ஒரு நீள நோட்டில் எண்களை வரிசையாக எழுதிக் கொண்டுவந்தார். 0457, 0461, 0470 என்று மூன்று பக்கம், அழகான கையெழுத்து. சிக்கல் என்னவென்றால் எங்கள் இரண்டு கேமராக்களிலும் 0457 இருந்தது. போதாததற்கு ஒரு கேமரா 9999-ஐத் தாண்டி மறுபடி 0001-லிருந்து எண்ண ஆரம்பித்திருந்தது. ஆச்சி திருநீறு பூசும் படம் வரவேண்டிய இடத்தில் பந்தியில் இலை போடும் படம் ஏறி, ஆல்பம் அச்சாகியே வந்துவிட்டது. இரண்டு ஷீட்டை என் செலவில் மறுபடி அடித்துக் கொடுத்தேன். பணம் போனதைவிட, அந்த ஆச்சி ஆல்பத்தைப் புரட்டிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்ததுதான் இன்னும் மனதில் இருக்கிறது.

அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். மண்டபத்துக்குள் போகும் முன் இரண்டு கேமராவின் கடிகாரத்தையும் ஒரே நேரத்துக்குத் திருப்பிவிடுவோம். வந்ததும், படங்களை அடுக்கித் திருத்தும் மென்பொருளான லைட்ரூமில் எல்லாவற்றையும் ஒன்றாக ஏற்றி, எடுத்த நேரப்படி அடுக்கி, தேதியும் நான்கு இலக்க எண்ணும் சேர்த்துப் புதுப் பெயர் வைத்துவிடுவோம். இரண்டு நிமிட வேலை. வேறு எந்தக் கருவி வாங்குவதற்கும் முன்னால் இதைச் செய்யுங்கள்.

செலக்‌ஷனுக்கு ஆன்லைன் கேலரி என்று முதலில் நான் தொட்டது பிக்ஸிசெட். அதன் இலவசக் கணக்கில் 3 ஜிபி இடம் உண்டு. நீளப் பக்கம் 2048 பிக்சல் வைத்து எக்ஸ்போர்ட் செய்தால் ஒரு படம் ஏறக்குறைய 1 எம்பி, ஆக ஆயிரத்து இருநூறு படம் கொண்ட இரண்டு கல்யாணங்கள் தாராளமாக உள்ளே அடங்கும். வாடிக்கையாளர் போனில் திறந்து, பிடித்த படத்தில் இதயக் குறியைத் தொட்டால் போதும், அந்தப் படங்களின் பெயர்ப் பட்டியல் நமக்கு வந்துவிடும். அதை அப்படியே எடுத்து லைட்ரூமின் லைப்ரரி ஃபில்டரில், கோப்புப் பெயர் கட்டத்தில் ஒட்டினால் நூற்றைம்பது படமும் தனியாக வந்து நிற்கும். முதல் தடவை அது வந்து நின்றபோது என் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

ஆனால் கருவி நன்றாக இருப்பது வேறு, வீட்டுக்காரர் அதைப் பயன்படுத்துவது வேறு. இந்த மாதிரி கேலரிகள் பெரும்பாலும் இமெயில் கேட்கும். அறுபது வயது அப்பாவுக்குத் தன் போனில் ஜிமெயில் இருப்பதே தெரியாது, அது பையன் போட்டுக் கொடுத்தது. அங்கேயே அவர் நின்றுவிடுவார். அதனால் நாற்பது வினாடியில் ஒரு ஸ்கிரீன் ரெக்கார்டிங் செய்து வைத்திருக்கிறேன். லிங்க்கைத் தொடுவது, இமெயில் போடுவது, இதயத்தைத் தொடுவது, அவ்வளவுதான். பின்னால் என் குரலில் தமிழில் விளக்கம். லிங்க்கோடு அதையும் வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். இப்போது பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் மூன்று வாரத்துக்குள் செலக்‌ஷன் வந்துவிடுகிறது. சந்தா கட்டி வாங்கிய எதையும்விட அந்த நாற்பது வினாடி வீடியோ எனக்கு அதிகம் சம்பாதித்துக் கொடுத்திருக்கிறது.

நடுவில் ஒரு அடியும் விழுந்தது. விலை குறைவு என்று வேறொரு கேலரி சேவைக்கு மாறி, ஒன்றரை வருடம் பயன்படுத்தினேன். ஒரு நாள் சேவையை மூடுகிறோம், முப்பது நாளில் படங்களை எடுத்துக்கொள்ளுங்கள் என்று மெயில் வந்தது. படங்கள் எல்லாம் என்னிடமே இருந்தன. ஆனால் ஐந்து குடும்பங்கள் பாதி தேர்ந்து வைத்திருந்த பட்டியலை வெளியே எடுக்க வழியில்லை. ஐந்து வீட்டுக்கும் போன் போட்டு மறுபடி முதலிலிருந்து பார்க்கச் சொன்னேன். அதிலிருந்து, பட்டியல் எந்தக் கேலரியில் இருந்தாலும் வெள்ளிக்கிழமை தோறும் அதைக் கூகுள் ஷீட்ஸில் ஒட்டிவைக்கிறோம். புதிதாக எதைப் பார்த்தாலும், நம் தகவலை இதிலிருந்து வெளியே எடுக்க முடியுமா என்று முதல் நாளே சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் பணம் கட்டுகிறேன்.

அந்த ஷீட்ஸ்தான் எங்கள் ஸ்டூடியோவின் முதுகெலும்பு. ஒரு கல்யாணத்துக்கு ஒரு வரி. முகூர்த்த தேதி, மண்டபம், முன்பணம், படம் கொடுத்த நாள், செலக்‌ஷன் வந்த நாள், டிசைன், அச்சடிக்கும் லேபுக்குப் போன நாள், மீதி. செலக்‌ஷன் கட்டம் இருபது நாள் காலியாக இருந்தால் அந்த வரி மஞ்சளாகிவிடும். காலையில் மஞ்சள் வரிகளைப் பார்த்து என் மனைவி போன் செய்ய ஆரம்பிப்பார். வெளிநாட்டு ஸ்டூடியோக்களுக்கென்று ஒப்பந்தம், பில், நினைவூட்டல் எல்லாம் சேர்த்து விற்கும் மென்பொருள்களையும் இரண்டு வருடம் முயன்று பார்த்தேன். டாலரில் சந்தா, எல்லாமே இமெயில் வழி. எங்கள் வாடிக்கையாளர் இருப்பது வாட்ஸ்அப்பில். விட்டுவிட்டேன்.

சந்தாவைப் பற்றி இன்னொன்று. எங்கள் வருமானம் பஞ்சாங்கத்தைப் பார்த்து வருகிறது. தை, வைகாசி, ஆவணியில் மூச்சு விட நேரம் இருக்காது, ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணமே கிடையாது. வருடச் சந்தா மலிவுதான், ஆனால் அது எந்த மாதத்தில் புதுப்பிக்கிறது என்று பார்த்துக் கட்டுங்கள். என் சந்தாக்கள் எல்லாம் இப்போது தை கடைசியில் வரும்படி மாற்றிவிட்டேன். கூகுள் காலண்டரிலும் வருட ஆரம்பத்திலேயே முகூர்த்த நாள்களை ஏற்றிவிடுவோம். ஒரே முகூர்த்தத்துக்கு இரண்டு பேர் கேட்டு வந்தால், போனில் பேசிக்கொண்டே பார்த்துச் சொல்லிவிடலாம்.

வாட்ஸ்அப் பிசினஸ் 2018-ல் வந்தது, அன்றிலிருந்து இருக்கிறேன். லேபிள்களும், சாய்கோடு போட்டால் வந்து நிற்கும் தயார் பதில்களும் போதுமானவை. படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் சுருக்கிவிடும் என்பதைப் பலர் இன்னும் கவனிப்பதில்லை. அந்தச் சுருங்கிய படத்தைப் பெரிதாக பிரின்ட் போட்டுவிட்டு, படம் தெளிவில்லை என்று நம்மிடம் வருவார்கள். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், 2 ஜிபி வரை போகும். ஆல்பம் டிசைனை மட்டும் பிடிஎஃப் ஆக்கி வாட்ஸ்அப்பிலேயே காட்டுகிறோம். திருத்தம் எல்லாம் வாய்ஸ் மெசேஜில் வரும். "தம்பி, ஏழாவது பக்கத்துல சின்ன அத்தை ஓரத்துல நிக்கிறாங்க, கொஞ்சம் பெருசா வையுங்க." அதை எழுதச் சொன்னால் எழுதவே மாட்டார்கள்.

சேமிப்புக்கு வருகிறேன். ஒரு கல்யாணத்தில் இரண்டு பேரும் சேர்ந்து நாலாயிரம் படம், ஒரு ரா கோப்பு (கேமரா தரும் திருத்தாத அசல் கோப்பு) 25 எம்பி என்றால் மொத்தம் 100 ஜிபி. நாற்பது கல்யாணத்துக்கு 4 டிபி, வீடியோ தனி. இதையெல்லாம் கிளவுடில் வைக்கலாம் என்று சொல்பவர்கள் அப்லோடு வேகத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 100 எம்பிபிஎஸ் முழுதாகக் கிடைத்தாலே 100 ஜிபி ஏற இரண்டேகால் மணி நேரம் வேண்டும். எங்கள் தெருவில் மழை நாளில் அந்த வேகத்தில் பாதிகூட வராது. அதனால் ராவுக்கு இரண்டு ஹார்ட் டிஸ்க், ஒன்று ஸ்டூடியோவில், இன்னொன்று வீட்டில். திருத்தி முடித்த ஜேபெக்குகளும் ஆல்பம் டிசைன்களும் மட்டும் கூகுள் டிரைவில். மாதம் 650 ரூபாயில் 2 டிபி எடுத்திருக்கிறேன். 2021 ஜூன் 1-க்குப் பிறகு கூகுள் போட்டோஸில் ஏற்றுவதும் 15 ஜிபி இலவச இடத்தில்தான் கழியும் என்பதால், இலவசக் கணக்கை நம்பித் தொழில் செய்ய முடியாது.

இதற்கு ஒருமுறை பலன் கிடைத்தது. 2019-ல் எடுத்த கானாடுகாத்தான் கல்யாணம். மூன்று வருடம் கழித்து மலேசியாவிலிருந்து மாப்பிள்ளையின் சித்தப்பா அழைத்தார். வீட்டுப் பெரியவர் ஐயா தவறிவிட்டார், வீட்டின் நடுவளவில் அவர் தனியாக உட்கார்ந்திருந்த படம் ஒன்று இருந்ததே, கிடைக்குமா என்று கேட்டார். அந்தப் படம் ஆல்பத்தில் இல்லை, அவர்கள் தேர்ந்தெடுக்கவும் இல்லை. ஸ்டூடியோவில் இருந்த ஹார்ட் டிஸ்க் அந்த வருட மழையில் ஓதம் ஏறிப் போயிருந்தது. வீட்டு டிஸ்க்கில் இருந்தது. அன்று ராத்திரியே அனுப்பினேன்.

கூகுள் மேப்ஸில் ஸ்டூடியோவைப் பதிந்து, கல்யாணம் முடிந்ததும் கருத்து எழுதச் சொல்லுங்கள். செலவே இல்லாத விளம்பரம், ஊர் விட்டு ஊர் வருபவர்கள் அதைப் பார்த்துத்தான் அழைக்கிறார்கள். இன்ஸ்டாகிராமில் வேலையைக் காட்டலாம், ஆனால் அதற்கு முன் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். 1957 பதிப்புரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவின்படி, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அவரே முதல் உரிமையாளர். எடுத்தது நான்தானே என்பது செல்லாது. முன்பணம் வாங்கும் அன்றே ஒரு கூகுள் ஃபார்மில் இதற்கு ஒரு கேள்வி வைத்திருக்கிறேன். வேண்டாம் என்பவர்களின் வரி ஷீட்ஸில் சிவப்பாக இருக்கும்.

செல்ஃபி எடுத்தால் தன் முகம் உள்ள படங்களை மட்டும் தேடித் தரும் ஆப்கள் இப்போது எல்லா ஊரிலும் வந்துவிட்டன. சொந்தக்காரர்களுக்கு ரொம்பப் பிடிக்கிறது, கேள்வியே இல்லை. ஆனாலும் நுழைவாயிலில் கியூஆர் ஒட்டி யார் வேண்டுமானாலும் நுழையட்டும் என்று விடுவதில் எனக்குச் சம்மதமில்லை. வயசுப் பிள்ளைகள் இருக்கும் வீடு, குரூப் படங்களில் எல்லார் முகமும் இருக்கும். பின் நம்பர் வைத்து, அதை வீட்டுக்காரரிடம் மட்டும் கொடுத்து, யாருக்குச் சொல்வது என்பதை அவரிடமே விட்டுவிடுகிறேன்.

இந்த மார்கழியில் 2017, 2018 படங்கள் இருக்கும் டிஸ்க்குகளைப் புதியதற்கு மாற்றப்போகிறேன். எட்டு வருடமாகச் சுற்றிய டிஸ்க்குகள், இனியும் நம்பி வைத்திருக்க முடியாது.