வீட்டு பிலிம் ஸ்கேனர்: பார்க்கப் போதும், படத்துக்குப் போதாது

குடும்பத்தில் மிஞ்சிய 8 எம்எம், சூப்பர் 8 பிலிம் சுருள்களைக் கொண்டு ஒரு நாட்டின் கடந்த காலத்தைப் படமாகச் சொல்ல நினைப்பவர்கள் முதலில் வாங்குவது மேசை ஸ்கேனரைத்தான். பிரேம் பிரேமாகப் படம் பிடித்து எம்பி4 கோப்பாகத் தரும் இவ்வகைக் கருவி பொறுமையைச் சோதிக்கும். 50 அடி சூப்பர் 8 சுருளில் 3600 பிரேம். திரையில் 3 நிமிடம் 20 விநாடி. விநாடிக்கு 2 பிரேம் நகரும் கருவியில் அரை மணி நேரம்.

ஓட்டுமுன் முகர்ந்து பாருங்கள். வினிகர் வாடை அடித்தால் பிலிமின் அடித்தளமான அசிடேட் சிதையத் தொடங்கிவிட்டது. பிலிம் சுருங்கி, ஓரத் துளைகள் பிலிமை இழுக்கும் நகத்தில் சரியாக விழாமல் கிழியும். அந்தச் சுருளை இதில் போடவே கூடாது. மற்றவற்றுக்கு, சுருள் மாற்றும்போதெல்லாம் கேட்டை (பிரேம் நின்று படமாகும் சாளரம்) தூரிகையால் துடையுங்கள். ஒரு முடி சிக்கினாலும் கடைசிவரை நெளியும்.

பலர் கோட்டை விடுவது வேகத்தில். இவ்வகைக் கருவிகள் பல, கோப்பை விநாடிக்கு 20 பிரேம் வேகத்தில் எழுதுகின்றன. மௌன சூப்பர் 8 பொதுவாக 18, பழைய 8 எம்எம் 16. எடிட்டிங்கில் முறையே 90, 80 சதவீதமாகக் குறைக்காவிட்டால் கல்யாண ஊர்வலம் ஓட்டப் பந்தயமாகிவிடும். ஷார்ப்னஸை ஆகக் குறைவாக வையுங்கள். பிலிம் ஓரக் காந்தப் பட்டையில் பதிந்த ஒலியை இவை படிக்காது.

பெருங்குறை ஓரத்தில்தான். எடுத்தவர் குழந்தையை நடுவில் வைத்திருப்பார். கடைப் பலகை, தேர்தல் சுவரொட்டி, ரேஷன் வரிசை எல்லாம் ஓரத்தில் தற்செயலாக விழுந்தவை. வரலாறு அங்கேதான் இருக்கிறது, கருவி வெட்டுவதும் அதைத்தான். மிஞ்சிய பின்னணியையும் கோப்புச் சுருக்கம் மெழுகிவிடுகிறது. கோடாக் 8 எம்எம் பிலிமின் விளிம்பிலுள்ள வட்டம், சதுரம், முக்கோணக் குறிகளும் பதிவாகாது. பிலிம் தயாரான ஆண்டைச் சொல்பவை அவை (20 ஆண்டுக்கொருமுறை அதே குறி திரும்பும், கவனம்).

ஆகவே பார்வைப் பிரதிக்கு மட்டும் வாங்கலாம். டைம்கோடு (படத்தின் மேல் ஓடும் நேர எண்) பதித்துப் பெரியவர்களிடம் ஓட்டிக் காட்டி, அவர்கள் பேசுவதைத் தனியாக ஒலிப்பதிவு செய்யுங்கள். யார், எந்தத் தெரு என்று அடையாளம் சொன்ன சுருள்களை மட்டும் பிலிம் லேபுக்கு அனுப்பினால் செலவு தாங்கும். அங்கே ஓவர்ஸ்கேன் (பிலிம் ஓரங்களையும் சேர்த்து ஸ்கேன் செய்வது) வேண்டும், நாய்ஸ் (படத்தில் தெரியும் புள்ளித்துகள்) நீக்கக் கூடாது என்று எழுதியே கொடுங்கள். சுருள் வந்த அட்டைப் பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள். தபால் முத்திரையில் தேதி இருக்கலாம்.