கிருஷ்ணகிரியில் ஜெர்மன் வகுப்பு: ஓங்கெல் படுத்திய பாடு

நர்சிங் முடித்த தங்கச்சிக்குத் துணையாக நானும் கிருஷ்ணகிரியில் ஒரு ஜெர்மன் வகுப்பில் ஏ1 என்ற தொடக்க நிலையில் சேர்ந்தேன். உறவுச் சொற்களுக்கு ஆளுக்கொரு சார்ட்டில் குடும்ப மரம் வரையச் சொன்னது நல்ல யோசனை. பெரியப்பா, சித்தப்பா, மாமா மூவருமே 'ஓங்கெல்', அத்தையும் சித்தியும் 'டான்ட்டெ' என்றதும் வகுப்பே சிரித்தது. அண்ணனா தம்பியா என்றால் 'ப்ரூடர்' ஒன்றுதான், மூத்தவரா இளையவரா என்பதற்குத் தனிச்சொல் சேர்க்கணும். அக்கா மகளையே கட்டிய எங்கள் மாமாவை எந்தக் கிளையில் வைப்பது என்பதிலேயே அரை மணி நேரம் போச்சு.

குறை? பெயர் எழுதி ஒட்டியதோடு சரி. 'மைன் ஓங்கெல்' (என் மாமா), 'மைனெ டான்ட்டெ' (என் அத்தை) என்று ஒவ்வொருவரையும் பேசவைத்திருந்தால் ஆண்பால் பெண்பால் மனதில் பதிந்திருக்கும், 25 பேருக்கு ஒரே டீச்சர் என்றால் எங்கே முடியும்? அப்புறம் வீட்டில் கல்யாண ஆல்பத்தை விரித்து நாங்களே பேசிப் பழகினோம்.