பிஎஸ்எல்இ: அன்றைய டி-ஸ்கோரும் இன்றைய ஏஎல் முறையும்

2020 வரை சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு (பிஎஸ்எல்இ) எழுதிய பிள்ளைக்கு, மற்ற பிள்ளைகளோடு ஒப்பிட்டுத்தான் டி-ஸ்கோர் போட்டார்கள். தமிழில் 90 வாங்கினாலும், அந்த ஆண்டு மற்றவர்களும் அள்ளியிருந்தால் டி-ஸ்கோர் இறங்கிவிடும். அடுத்த வீட்டுப் பிள்ளையை முந்துவதுதான் படிப்பு என்ற எண்ணம் நம் வீடுகளில் ஊறிப்போனதில் இந்த முறைக்கும் பங்கு உண்டு. "அவன் எவ்வளவு?" என்பதுதானே முதல் கேள்வி!

2021 முதல் ஏஎல் (அடைவுநிலை) முறை: ஒவ்வொரு பாடத்துக்கும், வாங்கிய மதிப்பெண்ணை மட்டும் பார்த்து ஏஎல்1 முதல் ஏஎல்8 வரை ஒரு நிலை. 91 வாங்கினாலும் 98 வாங்கினாலும் ஏஎல்1 தான். நான்கு பாடங்களையும் கூட்டினால் 4 ஆகச் சிறந்தது, 32 கடைசி. இதிலும் குறை இருக்கிறது: 64க்கு ஏஎல்6, ஒரே மதிப்பெண் கூடினால் ஏஎல்5.

சரி, எது மேல்? எனக்குப் புதியதுதான். 2024இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்களிலிருந்து பிள்ளைகளைத் தேர்ச்சிக்கு ஏற்பப் பிரித்த எக்ஸ்பிரஸ், நார்மல் என்ற முத்திரையும் இல்லை. கணக்கை நடுத்தரமான ஜி2 நிலையில் படிக்கும் பிள்ளை, தமிழை அதைவிடக் கடினமான ஜி3 நிலையில் படிக்கலாம். அந்தப் பிள்ளையை இனி யாரும் "நார்மல்" என்று ஒரே சொல்லில் ஒதுக்க முடியாது. துணைப்பாட வகுப்புக்கு ஓடும் ஓட்டம் மட்டும் இன்னும் ஓய்ந்தபாடில்லை.