முதல் ஹார்னா, நான்காம் ஹார்னா?

சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவில் பிரெஞ்சு ஹார்ன் என்னும் சுருண்ட பித்தளை ஊதுகருவியை வாசிப்பதையே தொழிலாகக் கொள்ள விரும்புகிறவர், எந்த ஊர் ஆர்கெஸ்ட்ரா என்று யோசிப்பதற்கு முன்பே எந்த நாற்காலி என்று முடிவு செய்துகொள்வது நல்லது. வழக்கமான நால்வர் அணியில் முதலாமவரும் மூன்றாமவரும் மேல்ஸ்தாயிக்கும், இரண்டாமவரும் நான்காமவரும் கீழ்ஸ்தாயிக்கும் உரியவர்கள். கீழ்ஸ்தாயி இடங்களை, முதலிடம் கிட்டாதவர்களுக்கான ஆறுதல் பரிசாகப் பார்ப்பது பெரும் பிழை என்பது என் உறுதியான கருத்து.

முதல் ஹார்னின் ஈர்ப்பை மறுப்பதற்கில்லை. சைக்கோவ்ஸ்கியின் ஐந்தாம் சிம்பொனியில் இரண்டாம் பகுதியின் நெடிய தனி வாசிப்பும், பிராம்ஸின் முதல் சிம்பொனியின் இறுதிப் பகுதியில் மலைக்காற்றாய் எழும் அழைப்பும் அவருக்கே உரியவை. பல இடங்களில் ஊதியமும் கூடுதல். ஆனால் ஏறத்தாழ 3.7 மீட்டர் நீளமுள்ள எஃப் சுருதிக் குழாயில் மேலே செல்லச் செல்ல, உதட்டின் இறுக்கத்தை மாற்றுவதாலேயே பிறக்கும் இயற்கைச் சுரங்கள் நெருங்கி நிற்பதால், உதட்டின் இறுக்கம் இம்மியளவு பிசகினாலும் பக்கத்துச் சுரம் தட்டி, அந்தப் பிசிறு கடைசி வரிசை வரை கேட்டுவிடும். இந்தச் சுமை கருதியே, அனைவரும் சேர்ந்து முழங்கும் பகுதிகளை வாசித்து முதல்வரின் உதட்டுக்கு ஓய்வு தர, பல ஆர்கெஸ்ட்ராக்கள் ஓர் உதவியாளரை அருகில் அமர்த்துகின்றன. சிகாகோவில் டேல் கிளெவெஞ்சர் 1966 முதல் 2013 வரை முதல் ஹார்னாக நீடித்தது அரிதினும் அரிது.

நான்காம் ஹார்னுக்கு வேண்டியது வேறு வகைத் திறமை. அடிமட்டச் சுரத்தை மெல்லிய ஒலியிலும் தெளிவாகத் தொடங்க வேண்டும். பெரிய தாவல்களைத் தயங்காமல் தாண்ட வேண்டும். மேலே முதல்வரின் சுருதி நகர்ந்தால், தன் சுருதியையும் அந்தக் கணமே நகர்த்தி அவரைத் தாங்க வேண்டும். பேத்தோவன் 1824-இல் அரங்கேற்றிய ஒன்பதாம் சிம்பொனியின் மூன்றாம் பகுதியில், ஆழத்துக்கு இறங்கியும் உயரத்துக்கு ஏறியும் செல்லும் தனி வாசிப்பை நான்காம் ஹார்னுக்குத்தான் கொடுத்தார். கீழ்ஸ்தாயி இடத்துக்கான தேர்வுகளில் இன்றும் பெரும்பாலும் அதைக் கேட்கிறார்கள். அதே பேத்தோவன் 1800-இல் ஹார்ன் சொனாட்டாவை எழுதியது ஜியோவானி புன்டோவுக்காக. அந்நாளைய ஐரோப்பாவின் புகழ்மிக்க ஹார்ன் கலைஞரான அவரும் கீழ்ஸ்தாயிக்காரரே. நம் காலத்தில், 2001-இல் பெர்லின் பில்ஹார்மோனிக்கில் கீழ்ஸ்தாயி ஹார்னாகச் சேர்ந்த சாரா வில்லிஸ், அந்த ஆர்கெஸ்ட்ராவின் பித்தளைக் கருவிப் பிரிவில் இடம்பெற்ற முதல் பெண் என்பதோடு, கியூபக் கலைஞர்களுடன் மோட்சார்ட்டைப் பதிவு செய்து உலகப் புகழும் பெற்றிருக்கிறார்.

ஆர்கெஸ்ட்ராவையே விட்டுத் தனிக் கலைஞராவது மூன்றாவது வழி. லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவில் 1955 முதல் 1968 வரை முதல் ஹார்னாக இருந்த பாரி டக்வெல் அதில் வென்றார். எனினும் பியானோவுக்கும் வயலினுக்கும் உள்ளதுபோல் ஹார்னுக்கு, தனிக் கருவி ஆர்கெஸ்ட்ராவோடு சேர்ந்து முன்னின்று வாசிக்கும் கான்செர்டோக்கள் குவிந்து கிடக்கவில்லை. மோட்சார்ட்டின் நான்கு, ஸ்ட்ராஸின் இரண்டு ஆகியவற்றையே பெரிதும் நம்பியிருக்க வேண்டிய வழி அது.

கீழ்ச் சுரங்கள் இயல்பாகவே திரண்டு ஒலிக்கும் உதடு வாய்த்த மாணவர், மேல்ஸ்தாயியில் ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டுவதை விட, தொடக்கத்திலேயே இரண்டாம், நான்காம் இடங்களுக்கான தேர்வுப் பகுதிகளில் பயிற்சியைக் குவிப்பதையே நான் பரிந்துரைப்பேன்.