1985 ஜான்சன் 9.9 எஞ்சினுடன் ஒன்பது கோடைகள்

ஒன்டாரியோவின் ரைஸ் லேக்கில் என் பதினான்கு அடி அலுமினியப் படகை ஒன்பது கோடைகளாகத் தள்ளிக்கொண்டிருப்பது ஒரு 1985ஆம் ஆண்டு ஜான்சன் அவுட்போர்ட், அதாவது படகின் பின்புறம் மாட்டும் எஞ்சின். 9.9 குதிரைவலு, இரண்டு சிலிண்டர், டூ-ஸ்ட்ரோக், கயிறு இழுத்துக் கிளப்பும் வகை. பழைய எஞ்சின் வாங்கலாமா என்று என்னிடம் கேட்பவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்வேன்: ஸ்பானரை எடுப்பதற்கு முன் அது எந்த ஆண்டு எஞ்சின் என்று கண்டுபிடியுங்கள்.

எனக்கு அது தெரியாமல் பணம் போனது. வாங்கியபோது மூடியில் 15 என்று ஒட்டியிருந்தது. விற்றவர் 1994 என்றார். அவரை நம்பி அந்த ஆண்டுக்கான கார்புரேட்டர் கிட் வாங்கி வந்தேன். கேஸ்கெட்டை வைத்துப் பார்த்தால் துளைகளே பொருந்தவில்லை. 1993இல் இந்த வரிசையின் எஞ்சின் கட்டையையே (சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்) பெரிதாக்கிவிட்டார்கள். அதற்கு முந்தியதும் பிந்தியதும் வேறு வேறு எஞ்சின்கள். அதற்கு முன்போ 9.9க்கும் 15க்கும் ஒரே கட்டை, கார்புரேட்டர்தான் முக்கிய வேறுபாடு. ஒன்றின் மூடி மற்றதில் கச்சிதமாக உட்காரும். ஆகவே மூடியில் இருக்கும் எண்ணை நம்பவே கூடாது.

நம்ப வேண்டியது படகில் பிடிக்கும் கிளாம்புத் தாங்கியில் அறைந்திருக்கும் மாடல் எண் தகடு. அது உதிர்ந்துபோயிருந்தால், எஞ்சின் கட்டையிலேயே நாணயம் அளவில் ஒரு வட்ட உலோக அடைப்பு இருக்கும். என் எஞ்சினில் அதன்மேல் பெயின்ட் பூசியிருந்தார்கள். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்து, டார்ச் ஒளியைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தபோதுதான் எழுத்துகள் நிழல் விழுந்து தெரிந்தன. ‘ஜே’ என்றால் ஜான்சன், ‘10’ என்றால் 9.9, ‘ஆர்’ என்றால் கயிற்று ஸ்டார்ட். கடைசி எழுத்தை விட்டுவிட்டு அதற்கு முந்திய இரண்டு எழுத்துகளைப் பார்க்க வேண்டும். ஆண்டு அங்கேதான் இருக்கிறது. 1980 முதல் ஜான்சனும் அதன் சகோதரப் பெயரான எவின்ரூடும் ‘இன்ட்ரடியூசஸ்’ (INTRODUCES) என்ற பத்தெழுத்து ஆங்கிலச் சொல்லை வைத்து ஆண்டைக் குறித்தன. முதல் எழுத்து 1, இரண்டாவது 2, இப்படியே போய்ப் பத்தாவது 0. என்னுடையதில் ‘சி’, ‘ஓ’ இருந்தன. ‘சி’ அந்தச் சொல்லில் எட்டாவது, ‘ஓ’ ஐந்தாவது. 1985! அன்று மாலை எனக்கு வந்த மகிழ்ச்சி, முதல் மீன் பிடித்த நாளில்கூட வந்ததில்லை.

இந்த இரண்டு பெயர்களையும் வைத்திருந்த ஓ.எம்.சி. நிறுவனத்தின் கனடா ஆலை, ரைஸ் லேக்கிலிருந்து அதிகத் தொலைவில்லாத பீட்டர்பரோ நகரில்தான் இருந்தது. கனடா கனூ அருங்காட்சியகம் பல ஆண்டுகள் நடந்தது அவர்களுடைய பழைய கட்டடத்தில்தான். அங்கே போகும்போதெல்லாம் எனக்கு ஒரு நெருக்கம் தோன்றும்.

இரண்டாம் கோடையில்தான் பெரிய சிக்கல் வந்தது. நன்றாகக் கிளம்பும். முழு வேகத்தில் பத்து நிமிடம் ஓடும். பிறகு மூச்சு வாங்குவதுபோல் இழுத்து இழுத்து நின்றுவிடும். கால் மணி நேரம் கழித்து இழுத்தால் ஒன்றுமே நடக்காததுபோல மறுபடி ஓடும். கார்புரேட்டரை மாற்று என்றார் ஒருவர், தீப்பொறி தரும் காயிலை மாற்று என்றார் இன்னொருவர். என் அப்பா பருத்தித்துறையில் பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டும் எஞ்சினோடு கடலுக்குப் போனவர். ஒரு சாமானை வாங்குவதற்கு முன் மூன்று சாமானைச் சோதித்துப் பார் என்பார். அப்படியே செய்தேன்.

முதலில் சிலிண்டர்களின் அழுத்தம். இரண்டு பிளக்கையும் கழற்றி, திராட்டிலை முழுதாகத் திறந்து, அழுத்தமானியை வைத்து ஐந்து முறை இழுத்தேன். ஒன்று 105 பி.எஸ்.ஐ., மற்றது 100. இரண்டுக்கும் இடையே பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இல்லையென்றால் எஞ்சினின் உடம்பு நன்றாக இருக்கிறது என்று பொருள். அடுத்து தீப்பொறி. திறந்த இடைவெளிச் சோதனைக் கருவியில் 11 மில்லிமீட்டரை நீலமாகத் தாண்டியது. சூடேறி நின்ற உடனேயும் சோதித்தேன், அப்போதும் தாண்டியது. எனவே காயில் தப்பித்தது. (பொறியே வரவில்லை என்றால், எதையும் வாங்குவதற்கு முன் நிறுத்தும் பொத்தானின் வயரைக் கழற்றிவிட்டு ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.)

மிச்சம் எரிபொருள். எஞ்சின் தளரத் தொடங்கும் அந்த நொடியில் எரிபொருள் குழாயிலுள்ள ரப்பர் பந்தைப் பிடித்து அமுக்க வேண்டும். அமுக்கியதும் எஞ்சின் உயிர்பெற்றால் பெட்ரோல் போதுமான அளவு வரவில்லை என்று தெரிந்துவிடும். பந்து உறிஞ்சப்பட்டுத் தட்டையாக இருந்தால் அடைப்பு பெட்ரோல் தாங்கிப் பக்கம். முதலில் தாங்கி மூடியின் காற்றுத் திருகைத் தளர்த்திப் பாருங்கள். என்னுடைய பந்து தட்டையாகவில்லை, தொளதொளவென்று இருந்தது. அமுக்க அமுக்க எஞ்சின் ஓடியது. கரை வரைக்கும் ஒரு கையால் பந்தை அமுக்கிக்கொண்டே வந்தேன்.

குழாயையும் இணைப்பானின் ரப்பர் வளையத்தையும் மாற்றினேன், தீரவில்லை. கடைசியில் பெட்ரோல் பம்பைத் திறந்து, உள்ளே இருந்த மெல்லிய சவ்வை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன். காய்ந்த வாழை இலைபோல் விறைத்திருந்தது. ஓரத்தில் ஊசி முனை அளவுக்கு ஒளி தெரிந்தது. முப்பது வருடங்களுக்கு மேல் உழைத்த ரப்பர் அது. புதுச் சவ்வு போட்டேன். அந்த நோய் பிறகு திரும்பவில்லை.

தண்ணீர் பம்பில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. பின்பக்கத் துளையில் தண்ணீர் பீய்ச்சுவதைப் பார்க்காமல் அப்பா கரையை விட்டு நகரமாட்டார்; நானும் அப்படித்தான். பீய்ச்சல் மெலிந்தால் முதலில் ஒரு நைலான் நரம்பை அந்தத் துளைக்குள் விட்டுப் பார்ப்பேன். ரைஸ் லேக் ஆழமில்லாத, பாசி மண்டிய ஏரி என்பதால் பாதி நேரம் அதிலேயே சரியாகிவிடும். ஆகாவிட்டால் இம்பெல்லர், பம்புக்குள் தண்ணீரைத் தள்ளும் ரப்பர் இதழ்ச் சக்கரம். அடிப்பகுதியைக் கழற்றும்போது கியர் கம்பியை முதலில் விடுவிக்க வேண்டும், இல்லாவிட்டால் வளைந்துவிடும். புது இம்பெல்லரை உறைக்குள் இறக்கும்போது தண்டைக் கடிகாரத் திசையில் சுழற்றியபடியே இறக்குங்கள். இதழ்கள் சரியான பக்கம் மடியும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுகிறேன். வீட்டில் ஓட்டிப் பார்ப்பது தண்ணீர் நிரப்பிய டிரம்மில் மட்டுமே.

எண்ணெய் கலப்பது பற்றி ஒரு வார்த்தை. 1980களின் நடுவில் 100 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு எண்ணெய் போதும் என்று அறிவுறுத்தினார்கள், பிறகு 50க்கு 1 என்று திரும்பினார்கள். நான் 20 லிட்டருக்கு 400 மில்லி ஊற்றுகிறேன். புகை கொஞ்சம் கூடும், பரவாயில்லை.

குறைகள் உண்டு. பெட்ரோல் குடிக்கும், சத்தம் போடும், மெதுவாக ஓட்டினால் பிளக் கரியேறும். ஆனால் எடை எழுபது இறாத்தலுக்குச் சற்று மேல்தான். இதே வலுவுள்ள புதிய நான்கு-ஸ்ட்ரோக் எஞ்சின்கள் பல இதைவிடக் கனம். ஓ.எம்.சி. 2000 டிசம்பரில் திவாலானது. பிறகு வாங்கியவர்களும் 2020இல் எவின்ரூட் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் இம்பெல்லர், சவ்வு, காயில் எல்லாம் வேறு தயாரிப்பாளர்களிடமிருந்து இன்றும் கிடைக்கின்றன, மாடல் எண்ணைச் சரியாகச் சொன்னால்.

சென்ற அக்டோபரில் குளிர்காலத்துக்குக் கட்டிவைக்கும் முன் கியர் எண்ணெயை வடித்தேன். பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது, ஜனவரி உறைபனியில் கியர் உறை வெடித்துவிடும். தேன்போலத் தெளிவாக இறங்கியது. சிலிண்டர்களில் காப்பெண்ணெய் தெளித்து, கொட்டகையில் நிமிர்த்தி நிறுத்தியிருக்கிறேன். மே மாதம் இரண்டாம் சனிக்கிழமை வாலாய் மீன் பருவம் திறக்கிறது. அதற்கு முந்திய வாரம் டிரம்மில் தண்ணீர் நிரப்ப வேண்டும்.